ஒரு கெட்டில்பெல்லும் உடல் எடையும் மட்டும் வலிமைப் பயிற்சிக்குப் போதுமா?

ஒரே ஒரு 16 கிலோ கெட்டில்பெல்லும் (கைப்பிடி கொண்ட இரும்புக் குண்டு) தண்டால், புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) போன்ற உடல் எடைப் பயிற்சிகளும் தொடக்க நிலையினர் பலருக்குப் போதும் என்பதே என் கருத்து. தண்டால் தள்ளும் தசைகளையும் புல்-அப் இழுக்கும் தசைகளையும் வளர்க்கின்றன. ஆனால் பிட்டத்துக்கும் தொடையின் பின்புறத் தசைகளுக்கும் கருவியின்றிப் போதிய சுமை கொடுப்பது கடினம் என்பதால், அந்தக் குறையைக் கெட்டில்பெல் ஸ்விங் (எடையை இரு கைகளாலும் பிடித்து, கால்களுக்கிடையே பின்னுக்கு ஆட்டி முன்னே வீசுவது) நிரப்புகிறது. முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மடங்கி, பிட்டத் தசைகளை இறுக்கி வேகமாக நிமிரும்போது பிறக்கும் விசையே எடையை மார்பு உயரத்துக்கு எழுப்புகிறது. கைகள் வெறும் கயிறுகள்தாம் (தோளால் தூக்க முயல்வதே பரவலான பிழை). எடை மாறாத நிலையில், எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, இறங்கும் வேகத்தைக் குறைப்பதும், ஒற்றைக் காலில் குந்துவது போன்ற கடினமான வடிவங்களுக்கு மாறுவதும் வலிமைக்கு அதிகம் உதவும்.