பழைய வீட்டுக்குப் போய் நிற்கும் வக்கீல்

கேள்வி: கொரிய நாடகம் என்றாலே காதல் கதையாக இருக்கிறது. குடும்பக் கதை, மனசைத் தொடுகிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன். (ஈரோடு வாசகி)

'மெமரி' பாருங்கள். 2016-ல் டிவிஎன் சேனலில் வந்தது, மொத்தமே 16 பகுதிகள்தான். பார்க் தே-சொக் என்று ஒரு வக்கீல். பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை, பணக்காரக் கட்சிக்காரர்களுக்காக எதையும் செய்யத் துணிந்தவர், வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தும் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க நேரமில்லாதவர். அவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பது தெரியவருகிறது. நடித்திருப்பவர் லீ சங்-மின். 'ரீபார்ன் ரிச்'சில் அந்தக் கோபக்காரத் தாத்தாவாக வந்தாரே, அவரேதான். கூட வரும் இளம் வக்கீலாக லீ ஜுன்-ஹோ. ஆரம்பத்தில் தே-சொக்கை உங்களுக்குப் பிடிக்காது. அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அதில் அவர், விவாகரத்தான முதல் மனைவியின் வீட்டுக்குத் தன் வீடு என்று நினைத்துப் போய்விடுகிறார். நேற்று நடந்தது மறந்துபோகிறவருக்குப் பழைய வீடு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்? கதைக்காகச் சேர்த்ததா? (மதுரை வாசகர்)

இல்லை, அந்த நோயே அப்படித்தான். புது விஷயங்களைப் பதிந்துகொள்ள உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சீக்கிரமே பாதிக்கப்படுகிறது, அதனால் காலையில் சாப்பிட்டது போய்விடும், முப்பது வருஷத்துக்கு முந்தையது வெகுநாள் தங்கும். என் பெரியம்மா கடைசி வருடங்களில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, பொழுது சாய்ந்தால் "மாடு வந்துடுச்சா, கட்டினீங்களா?" என்று கேட்பார். முதல் தடவை சிரித்துவிட்டேன், அப்புறம் "கட்டியாச்சு பெரியம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

தே-சொக்குக்கு அந்தப் பழைய வீட்டில் இருப்பது மாடு இல்லை, மகன். முதல் மகன் தோங்-ஊ, 15 வருஷத்துக்கு முன்னால் கார் மோதி இறந்தவன், மோதியவன் நிற்காமல் போய்விட்டான். அந்த வலியைப் பார்க்காமல் இருக்கத்தான் இந்த மனிதர் இத்தனை காலம் வெறிகொண்டு வேலை பார்த்திருக்கிறார். நடுவில் வந்த வருடங்களை நோய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகப் போக, எதை மறக்க ஓடினாரோ அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் இந்த நாடகத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்கு இது ஒன்றே போதும்.

கேள்வி: நாற்பது சொச்சம் வயதில் அல்சைமர் வருமா?

அபூர்வம், ஆனால் வரும். 1901-ல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர் பார்த்த, இந்த நோயின் முதல் நோயாளிக்கே வயது 51-தான்.

கேள்வி: 15 வருஷம் ஆகிவிட்டால் குற்றவாளியைத் தண்டிக்க முடியாதா? அந்த இடம் வயிற்றெரிச்சலாக இருந்தது. (கோவை வாசகி)

வழக்குத் தொடர அங்கே காலக்கெடு உண்டு. கொலைக்கு மட்டும் அந்தக் கெடுவை 2015-ல் நீக்கினார்கள், வண்டியால் மோதிவிட்டு ஓடுவது அதில் வராது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு குழந்தை இருக்கிறது. 1999-ல் தேகு நகரில் ஆறு வயதுச் சிறுவன் மீது யாரோ அமிலம் ஊற்றிக் கொன்றார்கள், ஆள் அகப்படவே இல்லை. அவன் பெற்றோர் வருடக்கணக்கில் போராடினார்கள். அந்தச் சட்டத்தை அவன் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், ஆனால் அது நிறைவேறும் முன்பே அவன் வழக்கின் கெடு முடிந்துபோயிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், நாடகத்தில் அந்தப் பெற்றோர் நாள் எண்ணுகிற இடமெல்லாம் இன்னும் கனமாக இருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்கு மறதி நோய் என்று போன மாதம்தான் சொன்னார்கள். அம்மாவோடு சேர்ந்து இதைப் பார்க்கலாமா?

வேண்டாம் தங்கச்சி, நீங்கள் மட்டும் பாருங்கள், அதுவும் கொஞ்ச நாள் போகட்டும். தே-சொக் குணமாகிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள், நாடகம் அப்படி ஏமாற்றுவதில்லை. அம்மாவோடு உட்காரும்போது டிவியை அணைத்துவிட்டு, அவர் பிறந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். திண்ணை எவ்வளவு நீளம், கிணறு எந்தப் பக்கம், மதியத்தில் யார் எங்கே படுப்பார்கள் என்று. சொல்லுவார்.