விவசாயி வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம்?

"கொரோனா ஊரடங்கில் டவுன்காரர்கள்தானே திண்டாடினார்கள், விவசாயி வீட்டில்தான் நெல் இருக்குமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நெல் இருந்தது. காசுதான் இல்லை.

எங்களுக்குத் திண்டிவனம் பக்கம். 2020 மார்ச்சில் ஒன்றரை ஏக்கர் தர்பூசணி அறுப்புக்கு நின்றது. 65, 70 நாள் பயிர், பழுத்தபின் கொடியில் விட்டுவைக்க முடியாது. மார்ச் 25 ஊரடங்கு வந்ததும் அட்வான்ஸ் கொடுத்திருந்த வியாபாரி போனை எடுக்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ரோட்டோரக் கடையே இல்லாதபோது லோடு ஏற்றி எங்கே கொண்டுபோவார்? காய்கறி, பழ வண்டிகளுக்குத் தடை இல்லை என்றார்கள், சரி, ஆனால் டிரைவரும் வரவில்லை, மூட்டை ஏற்ற ஆளும் வரவில்லை. கிலோ 8 ரூபாய் பேசிய பழம் கடைசியில் 2 ரூபாய்க்குப் போனது, அதுவும் பாதிதான். மீதி மாட்டுக்கு. கொல்லையில் பத்து நாளைக்குப் புளித்த வாடை அடித்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாயும், இலவசமாக அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் முதலில் மீன் நின்றது, பிறகு முட்டை, அப்புறம் கடையில் வாங்கும் காய். ரசமும் துவையலுமாக அம்மா ஓட்டினார். கொல்லைப்புற முருங்கையை மொத்தத் தெருவும் ஒடித்து ஒடித்து மரம் மொட்டையானது. பள்ளிக்கூடம் மூடியதில் பிள்ளைகளுக்குச் சத்துணவு முட்டையும் போச்சு.

நிலமில்லாத கூலி வீடுகளின் பாடு இன்னும் மோசம். நூறு நாள் வேலைக்கு அந்த ஏப்ரலில்தான் கூலியை 256 ரூபாயாக உயர்த்தினார்கள், எங்கள் ஏரியிலோ அந்த மாதம் வேலையே நடக்கவில்லை. மே 5 கோயம்பேடு மார்க்கெட்டை மூடியதும் அங்கே மூட்டை தூக்கிய பையன்கள் ஊர் திரும்பினார்கள். மாசாமாசம் அவர்கள் அனுப்பிய பணம் நின்றது, போதாததற்கு நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று சொந்த ஊரே அவர்களிடம் முகம் கொடுக்கவில்லை.

அடுத்த போகத்துக்கு விதை, உரம் வாங்க அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மீட்க 2022 ஆகிவிட்டது. இப்போது அந்த ஒன்றரை ஏக்கரில் உளுந்துதான் போடுகிறோம். லாபம் கம்மிதான், ஆனால் வண்டி வராவிட்டால் மூட்டை கட்டித் திண்ணையில் போட்டுவைக்கலாம்.