கிணற்றில் கிடைத்த குழிக்கல் எதற்கு?

மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி படங்களோடு எழுதியிருக்கிறார். வளவில் கிணறு வெட்டும்போது, மேல்மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில், மார்பளவு ஆழத்தில் கறுத்த உருண்டைக் கல் ஒன்று வந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு பக்கமும் நடுவில் ஒவ்வொரு குழி, பெருவிரல் நுனி போய் உட்காரும் அளவு. கூடவே ஒரு கைப்பிடி வெள்ளைக் கல் சில்லுகள். அப்பப்பா அதை வானத்திலிருந்து இடியோடு விழுந்த இடிக்கல் என்கிறாராம். கடலுக்குப் போகிற சித்தப்பா வலைக்குக் கட்டிய கல் என்கிறாராம். கூட்டாளி ஒருவர் விளக்கு என்கிறார். கேள்விப்பட்டு வந்த ஒருவர் விலையும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். “இது உண்மையில் எதற்குப் பயன்பட்டது? நான் இதை என்ன செய்வது?” இவ்வளவுதான் கேள்வி.

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கல்லைக் கழுவாதீர்கள். ஏற்கெனவே கழுவியிருந்தால் சரி, போனது போகட்டும், சில்லுகளையாவது அப்படியே மண்ணோடு விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் உலகம் முழுக்க நடப்பதுதான். ஸ்கொட்லாந்தில் ஏறத்தாழ 5,000 வருடம் பழைமையான செதுக்கிய கல் உருண்டைகள் 400க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை 7 சென்ரிமீற்றர் அளவு, மேலெல்லாம் குமிழ் குமிழாகச் செதுக்கியிருப்பார்கள், அவ்வளவு அழகு. எடைக்கல் என்றார்கள், நிறுத்துப் பார்த்தால் ஒரு பொது எடைக்கு வரவில்லை. எறிகல் என்றார்கள். பெரிய கற்களை உருட்டிக்கொண்டுபோகக் கீழே போட்ட உருண்டை என்றார்கள். கூட்டத்தில் பேசுகிறவர் கையில் வைத்திருந்தது என்றும் ஒரு கருத்து. இன்றுவரை முடிவில்லை. காரணம் அறிவுக்குறைவு அல்ல. அவற்றில் பெரும்பாலானவை உழும்போதும் தோண்டும்போதும் தனியாகக் கிடைத்தவை, பக்கத்தில் என்ன கிடந்தது, எந்த மண்ணில் கிடந்தது என்று ஒருவரும் குறித்துவைக்கவில்லை. கல் மட்டும் மிஞ்சியது, அதன் கதை போய்விட்டது. உங்கள் கல்லுக்கு அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். உருவத்தைப் பார்த்து “இது இன்னதுபோல இருக்கிறது” என்று தொடங்கினால் ஆளுக்கொரு பதில்தான் வரும். தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கல்லில் எங்கே அடி விழுந்திருக்கிறது, எங்கே உரசியிருக்கிறது, எங்கே ஒன்றுமே ஆகவில்லை? கருவிகளின் பயனை அவற்றின் தேய்மானத்திலிருந்து படிக்கலாம் என்று சோவியத் ஆய்வாளர் செமியோனோவ் 1957இல் பெரிய நூலாகவே எழுதினார், அதற்குப் பிறகுதான் இந்த விவாதங்கள் ஊகத்திலிருந்து கொஞ்சம் தரைக்கு வந்தன.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல்லை வாசல்படியில் வைத்துப் பாருங்கள். உச்சி வெயில் வேண்டாம், அதில் குழியின் அடி தட்டையாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாவிட்டால் போன் கமராவே போதும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் குழியின் அடி வழவழப்பாக இல்லை, சொரசொரப்பாக இருக்கிறது. கல்லின் மணிகள் நசுங்கி வெளுத்திருக்கின்றன. அதோடு சின்னச் சின்ன வெட்டுப்போன்ற கோடுகள், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே திசையில். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கோடுகள்தான்.

ஒவ்வொரு கருத்தையும் இதோடு ஒட்டிப் பாருங்கள். வலைக்குக் கட்டும் கல் என்றால் கயிறு வழுகாமல் இருக்கச் சுற்றிவர ஒரு பள்ளமோ இரண்டு ஓரத்திலும் வெட்டோ வேண்டும், நடுக்குழியில் எந்தக் கயிறும் நிற்காது என்பது சித்தப்பாவுக்கே தெரியும், கல்லைக் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். விளக்கு என்றால் கரி எங்கே? குழியும் ஆழமில்லை. அப்பப்பா சொல்கிற இடிக்கல் நம்பிக்கையை மட்டும் நான் தள்ளிவைக்க மாட்டேன், அது விளக்கமாகச் சரியில்லை என்றாலும். மழையும் இடியும் ஓய்ந்த பிறகு மண் கரைந்து வெளியே தெரிகிற பழைய கற்கருவிகளை வானத்திலிருந்து விழுந்தவை என்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல ஊர்களில் நம்பினார்கள். தமிழ்நாட்டில் சேர்வராயன் மலை ஊர்களில் புதிய கற்காலக் கற்கோடரிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இது சாதாரணக் கல் அல்ல என்று கண்டு எடுத்து வைத்தவர்கள் அவர்கள்தான்.

மிச்சம் இருப்பவை மூன்று. ஒன்று, சுத்தியலாகப் பிடிக்கும்போது விரல் வழுகாமல் இருக்கக் கொத்திய குழி. இரண்டு, கொட்டை உடைத்த கல். மூன்று, வெண்பளிங்கை, அதாவது குவார்ட்ஸ் என்கிற கடினமான வெள்ளைக் கல்லை, வைத்துப் பிளக்க அடியில் போட்ட பட்டடைக் கல்.

முதலாவதைப் பார்க்க ஓரத்தைப் பாருங்கள். சுத்தியலாக அடித்திருந்தால் சுற்று விளிம்பு நைந்திருக்கும். உங்கள் படத்தில் ஒரு பக்க விளிம்பு கொஞ்சம் நைந்துதான் இருக்கிறது, ஆகவே அந்த வேலையையும் பார்த்திருக்கும்.

கொட்டை உடைப்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. இஸ்ரேலில் ஒரு பழைய ஏரிக்கரையில், சுமார் 780,000 வருடத்துக்கு முந்திய மண்படையில், குழிவிழுந்த கற்களும் கொட்டைகளும் ஒன்றாகக் கிடைத்தன. இங்கே இலங்கையில் கித்துள்கல பெலிலென குகையில் ‘கெக்குன’ என்கிற காட்டுமரக் கொட்டைகளும் காட்டு ஈரப்பலாவும் எரிந்த நிலையில் கிடைத்தன, குழிவிழுந்த சுத்தியல் கற்களும் நம் தீவின் இடைக்கற்கால இடங்களில் தெரிந்த பொருள்தான். நம் பிள்ளைகள் கடற்கரையில் கொட்டங்காய் உடைப்பதும் இதே வேலைதான். ஆனால் நானே ஒரு பருவம் முழுக்க ஒரே கல்லில் வைத்துக் கொட்டங்காய் உடைத்துப் பார்த்தேன். எண்ணெய் ஏறிக் கறுத்து மினுமினுக்கும் ஒரு வட்டம் வந்தது, குழி என்று சொல்லும்படி ஒன்றும் விழவில்லை. அதே அளவுக் கல்லில் வெண்பளிங்கை நிறுத்திவைத்து மேலிருந்து இன்னொரு கல்லால் அடித்தேன். ஒரு பின்னேரத்திலேயே குழி பிடித்துவிட்டது. பளிங்கின் கூர் விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் கீழ்க்கல்லில் ஒரு சின்னக் கோடு போடுகிறது, கல்லை அதே வாட்டத்தில் நிறுத்துவதால் கோடுகளும் ஒரே திசைக்கு வருகின்றன. உங்கள் குழியில் இருப்பது அந்தக் கோடுகள்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தச் சில்லுகள். திருகோணமலையில் வெண்பளிங்குக்குப் பஞ்சமே இல்லை, கோணேசர் மலையே பளிங்குப் பாறைதான், அதனால் வெள்ளைச் சில்லு கிடைத்தது என்பது மட்டும் ஒன்றையும் காட்டாது. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு சில்லுகளின் இரு முனையும் நசுங்கியிருக்கின்றன. மேலிருந்து அடி, கீழிருந்து எதிரடி. பட்டடையில் வைத்துப் பிளந்தால்தான் அப்படி வரும். இன்னொன்று நகத்தளவு, பிறைபோல, ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் வேண்டுமென்றே மழுக்கியதாகவும் தெரிகிறது. அது உண்மையானால் பெரிய விஷயம். அந்த வகை நுண்கற்கருவிகள் பாஹியங்கல குகையில் 45,000 வருடங்களுக்கு மேல் பழைய படைகளிலிருந்தே கிடைக்கின்றன. அம்புக்கும் ஈட்டிக்கும் முள்ளாக ஒட்டியிருப்பார்கள் என்பது பொதுவான கருத்து, வெட்டவும் சீவவும் உதவியிருக்கும் என்பாரும் உண்டு, இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆகவே என் பதில்: பளிங்கைப் பிளந்த பட்டடை, இடையிடையே சுத்தியல். கொட்டையும் உடைத்திருக்கலாம். ஒரு கல்லுக்கு ஒரே வேலை என்று நாம்தான் பிடிவாதம் பிடிக்கிறோம், உங்கள் வீட்டு அம்மிக்குழவியால் தேங்காய் உடைத்ததே இல்லையா?

இந்த இடத்தில்தான் கழுவ வேண்டாம் என்றது. குழியின் இடுக்கில் மாப்பொருள் மணிகள் ஒட்டியிருந்தால் ஆய்வுகூடத்தில் பார்த்துக் கொட்டையா கிழங்கா என்று சொல்ல முடியும். பல்துலக்கும் பிரஷ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அந்தச் சாட்சி போய்விடும்.

வயது கேட்பீர்கள். கல்லைப் பார்த்து வயது சொல்கிறவரை நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். குழிக்கல்லை மனிதர் நேற்றுவரை பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணுக்குத்தான் வயது பார்க்கலாம், அதே படையில் கரித்துண்டு இருந்தால் அதற்கும். வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் ‘இரணைமடுப் படிவு’ என்று சொல்லப்படும் சரளையிலும் செம்மணலிலும் கற்கருவிகள் இருப்பது தெரிந்த விடயம், உங்கள் செம்மண் அதுதானா என்பதை நேரில் பார்த்தவர்தான் சொல்லலாம்.

இனிச் செய்ய வேண்டியது. கிணற்றுச் சுவரில் கல் வந்த உயரத்தில் ஒரு ஆணி அடித்து, நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துப் படம் எடுங்கள். சில்லுகளைத் தனித்தனிக் கடதாசியில் சுற்றுங்கள், ஒன்றோடொன்று முட்டினால் புது உடைவு வந்து எல்லாரையும் குழப்பும். மேலும் தேடலாம் என்று பக்கத்தில் குழி தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம், கண்டெடுத்தால் அறிவிக்கவும் வேண்டும். கிராம அலுவலர் மூலமாகவோ நேராகவோ தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி வைத்திருங்கள். விலை பேசினவருக்குக் கொடுக்கவே கூடாது. காசு ஒருபக்கம் இருக்கட்டும், அவர் கைக்குப் போனால் அது வெறும் குழிவிழுந்த கல், உங்கள் வளவில் இருக்கும்வரை அதற்கு ஒரு ஊர் இருக்கிறது.

வெட்டிய மண் இன்னும் வேலியோரம் குவிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பள்ளம் நிரப்ப யாரும் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பழைய தறப்பாளால் மூடி வையுங்கள். திணைக்களத்தார் வந்தால் முதலில் அந்தக் குவியலைத்தான் அரிக்கச் சொல்வார்கள்.