மணல் புகுந்த ஜூம் வளையத்தை இனித் திருகாதீர்கள்

வணக்கம் நண்பரே. ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டில் காற்றடிக்கும்போது கேமராவில் லென்ஸ் மாற்றியதாகவும், இப்போது ஜூம் வளையம் நறநறப்பதாகவும், படங்களில் கரும்புள்ளிகள் விழுவதாகவும், ராத்திரியில் பேட்டரி சட்டென்று இறங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜெய்சல்மேரில் இன்னும் மூன்று நாள் பாக்கி என்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

முதல் வேலையாக அந்த வளையத்தைத் தொடுவதை நிறுத்துங்கள். தார் பாலைவன மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. ஒவ்வொரு திருகலும் உள்ளே அரம் போட்டு ராவுகிற மாதிரிதான். அதிகம் தேவைப்படும் ஒரு குவியத் தூரத்தில் (வளையத்தில் மி.மீ.யில் எழுதியிருக்கும் ஜூம் அளவு) நிறுத்தி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். நானும் குரி கிராமத்தில் இதே நிலையில் 35 மி.மீ.யிலேயே இரண்டு நாள் எடுத்தேன். ஆட்களிடம் நெருங்கிப் போய்ப் பேசி எடுத்த அந்தப் படங்கள்தான் இன்றும் எனக்குப் பிடித்தவை.

முன்கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் புளோயர் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கரும்புள்ளிகளுக்குக் காரணம் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசிதான். அதற்கும் அதே புளோயர்தான்: அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை அணைத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். மணல் இருக்கும்போது ஈரத் துடைப்பான் கூடவே கூடாது. மிச்சப் புள்ளிகள் லென்ஸ் துளை சிறிதாக இருக்கும் எஃப்/16இல்தான் பளிச்சென்று தெரியும், துளையைப் பெரிதாக்கி எஃப்/5.6 பக்கம் வைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும்.

பேட்டரி அநேகமாகப் பழுதாகியிருக்காது. குளிரில் லித்தியம் அயன் பேட்டரி அப்படித்தான் சோர்ந்துபோகும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஊர் திரும்பியதும் லென்ஸை சர்வீஸுக்குக் கொடுங்கள். மணல் புகுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.