கன்று ஈன்ற பசு எழவில்லையா?

கேள்வி: கன்று ஈன்ற மறுநாளே எங்கள் பசு படுத்துவிட்டது. கஞ்சி ஊற்றப் போனேன். மாட்டு டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார். வந்தவர் ஒரு போத்தல் மருந்தை ஏற்றக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஏன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது, அம்மா. காது சில்லிட்டு, கழுத்து விலாப்பக்கம் மடங்கிக் கிடந்தால் அது பெரும்பாலும் பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. சீம்பால் சுரக்க இரத்தத்திலுள்ள கால்சியம் மடிக்கு இறங்கிவிடுகிறது. தசை தளர்ந்த மாட்டால் சரியாக விழுங்க முடியாது. ஊற்றிய கஞ்சி நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கடினம்.

கழுத்து இரத்தக்குழாயில் கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். அதனால்தான் போத்தலை வெதுவெதுப்பாக்கி, ஸ்டெதஸ்கோப்பில் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, தடுமாறினால் நிறுத்தி நிறுத்தி ஏற்றுகிறார்கள். தயவுசெய்து அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் வரும்வரை மண் நிரப்பிய சாக்கை அணைகொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி மாட்டை உட்காரவையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். முன்பே யாராவது ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து பலரும் இதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் அளவு மீறினால் ஆபத்து. மாடு எழுந்த பிறகும் முதல் நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம்.