புதிதாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எது எந்தப் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தில் 1960களின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை மூன்று பெட்டி உதிரிகளோடு வாங்கியிருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன். பர்மிங்ஹாம் பக்கம் ஒரு கொட்டகையில் பல வருடம் தூங்கிய கார். எல்லாம் இருக்கிறது, மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்றார் விற்றவர். எல்லாம் இருந்தது உண்மைதான். அதில் பாதி வேறு காருக்கானது.

பதிவுப் புத்தகத்தை நம்பியதுதான் என் முதல் தப்பு. அதில் 1968 ஜனவரி என்று இருந்தது. எம்ஜிபியின் இரண்டாவது வடிவமான மார்க் 2 வந்தது 1967 கடைசியில். சரி, நம்முடையது மார்க் 2 என்று நானே முடிவு கட்டி, அதற்கான ஸ்டார்ட்டர் மோட்டாரை வரவழைத்தேன். உட்காரவே இல்லை. மார்க் 2இல் ஸ்டார்ட்டரும் மாறியது, அது கடிக்கும் பிளைவீல் (எஞ்சின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்) பல்லும் மாறியது. என்னுடையது தொழிற்சாலையை விட்டு முன்பே வெளிவந்து, ஷோரூமில் சும்மா நின்று, ஜனவரியில் பதிவான மார்க் 1. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஜிஎச்என்3 என்று எண் தொடங்கினால் மார்க் 1. 4 என்றால் மார்க் 2. 5 அதற்கும் பிந்தியது. ஜிஎச்டி என்றால் கூரை போட்ட ஜிடி.

அப்புறம் எஞ்சின். பிளாக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகடு இருக்கும். அழுக்கில் மூடியிருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். 18ஜி, 18ஜிஏ என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மூன்று பேரிங்கில் சுற்றும் பழைய எஞ்சின். 1964 கடைசியில் வந்த 18ஜிபிக்கு ஐந்து பேரிங். 18வி என்று இருந்தால் 1970களின் எஞ்சினை யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள், இது சர்வசாதாரணம். (நம் ஊர் அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம்தான். எம்ஜிபியினுடையது 1798 சிசி. முதன்முதலில் பானெட்டைத் திறந்தபோது அப்பாவின் அம்பாசடர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது.)

தகட்டில் உள்ளது ஒன்று, காரில் உள்ளது ஒன்று என்று இருந்தால் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு, கார் எந்தத் தேதியில் தயாரானது, எந்த நிறம், எந்த எஞ்சின் எண் என்று பழைய தயாரிப்புப் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள்.

பெட்டியில் இருக்கும் மின்சாதனங்கள் சுலபம். லூகாஸ் கம்பெனி செய்த பாகங்களில் மாடலும் எண்ணும் மட்டுமல்ல, தயாரித்த காலமும் குத்தியிருக்கும். என் டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுவது) 25டி4 என்றும் பக்கத்தில் 34 67 என்றும் இருந்தது. 1967இன் 34வது வாரம், ஆக இது காரோடு பிறந்தது. எஸ்யூ கார்புரேட்டரில் மேல்மூடித் திருகோடு ஒரு தகடு தொங்கும், ஏயூடி என்று தொடங்கும் எண்தான் அதன் ஜாதகம். தகடு தொலைந்திருந்தால் உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஊசியை உருவி, அதன் தடித்த முனையில் பொறித்த குறியைப் பாருங்கள். வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் எண்ணை மட்டும் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். அது வார்ப்பின் எண், விலைப்பட்டியலில் இருக்காது.

வயரில் கை வைக்குமுன் ஒன்று. மார்க் 1 கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். பாடியோடு சேர்வது பேட்டரியின் கூட்டல் முனை. சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். நான் அவசரத்தில் பழக்கப்படி கழித்தல் முனையை பாடியில் கொடுத்துவிட்டேன். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, எல்லாம் சரி என்று நினைத்தேன். ஆர்பிஎம் மீட்டர் மட்டும் அதற்குப் பின் அசையவில்லை. உங்களுடையதை முன்பு யாராவது நெகட்டிவுக்கு மாற்றியும் இருக்கலாம், அதனால் வயரைப் பின்தொடர்ந்து பார்த்த பிறகே இணையுங்கள். நிறங்கள் உதவும்: பழுப்பு நேராக பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை அதுவே பியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த்.

ஆனால் உங்கள் காசைத் தின்னப்போவது இவை எதுவும் இல்லை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) என்ற இரும்புப் பகுதி. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. நடுவில் காரைத் தாங்குவதே அதுதான். வெளித்தகடு, உள்தகடு, அடியில் ‘காசில் ரெயில்’ (castle rail) என்ற தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். என் காரில் வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். முன்னால் டங் என்றது, பின்சக்கரத்தை நெருங்கியதும் பொத் என்றது. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. பட்டியைச் சுரண்டினால் கீழே செய்தித்தாள்! ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு இறுகினால் சில் போய்விட்டது என்று அர்த்தம். வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. எனக்கு முதல் முறை வேலை செய்த பட்டறையில் இதைச் செய்யவில்லை. அந்தக் கதை வேண்டாம்.

ஸ்பேனர் செட்டும் அங்குலக் கணக்கில் வாங்கிவிடுங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் போல்ட் தலை உருண்டுவிடும்.

கம்பிச் சக்கரம் என்றால் பெட்டியில் சிறகு வைத்த பெரிய நட்டுகள் கிடக்கும். கார் ஓடும்போது தானாக இறுகும்படி இடது பக்கத்துக்குச் சாதாரண மரை, வலது பக்கத்துக்கு எதிர்மரை, கலந்துவிடாதீர்கள். என் பெட்டியில் ஐந்து இருந்தன. ஐந்தாவது எந்தக் காரினுடையதோ, இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.