என்னைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள்

மேடம், வணக்கம்.

எனக்கு 53 வயது. மும்பை செம்பூரில் 26 வருடமாக இருக்கிறோம். பூர்வீகம் கும்பகோணம் பக்கம். காவிரியைத் தவிர வேறு தண்ணீர் தெரியாதவன், நாலு வருடத்துக்கு முன் கிர்காவ் சௌபாத்தியில் பாய்மரப் படகு பழகினேன். ஹோபி 16 என்று பெயர், கேட்டமரான் வகை. ஒல்லியாக இரண்டு மிதக்கும் கூடு, நடுவில் இழுத்துக் கட்டிய டிராம்போலின், அதில் இரண்டே பேர். சுக்கான் பிடிப்பவர் ஸ்கிப்பர், கூட இருப்பவர் க்ரூ. நான் க்ரூ.

ஸ்கிப்பர் முலுண்டில் வளர்ந்த தமிழ்ப் பையன், 36 வயது. மூன்று சீசன் அவனோடுதான் போனேன். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று எழும். அப்புறம் மரியாதை எல்லாம் கிடையாது. "ஜிப்பை இழு, விடு, உள்ள வா!" என்று ஒருமையில் கத்துவான். ஜிப் என்பது முன்பக்கச் சின்னப் பாய். ஆபீஸில் நாள் முழுக்க "சார்" கேட்கிற எனக்கு அது பிடித்திருந்தது. கரைக்கு வந்ததும் "அண்ணா, சாயா?" என்பான்.

இந்த சீசன் நடுவில் ஒரு 24 வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வாட்ஸப் குரூப்பில் போட்டோ பார்த்துத்தான் தெரிந்தது. டிரபீஸில், அதாவது படகுக்கு வெளியே சாய்ந்து தொங்குவதற்கான கம்பியில், தொங்கிக்கொண்டு அந்தப் பையன் சிரிக்கிறான், கீழே நாற்பது கைதட்டல். மூன்று வருடம் அதே கம்பியில் தொங்கிய எனக்கு ஒரு போட்டோவாவது போட்டார்களா?

படகு கிட்டத்தட்ட 145 கிலோ. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் அதைச் சேற்று மணலில் தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும். அதற்கு "அண்ணா வாங்க." கம்பத்தை நிமிர்த்த "அண்ணா வாங்க." தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அவர்கள் ஏறிவிடுவார்கள், அண்ணா கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரே ஜோக்: "கேட்டமரான்னு சொல்றதே உங்க ஊர் வார்த்தைதானே, ரத்தத்திலேயே இருக்கணுமே!" கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இது வேறு சமாச்சாரம் என்று எத்தனை தடவை சொல்வது?

எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. ஜனவரியில் ஒருமுறை கவிழ்ந்தோம், படகை நிமிர்த்திவிட்டோம், எனக்கு மூச்சு வாங்கி மேலே ஏற முடியவில்லை, அவன் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், கடைசியில் உதவிப் படகு வந்து ஏற்றிக்கொண்டது, இதெல்லாம் இந்த விளையாட்டில் சகஜம். அதற்கடுத்த மூன்று ஞாயிறு எனக்கு முழங்கால் வலி, ஊரில் கல்யாணம், ஆபீஸில் ஆடிட் என்று போய்விட்டது. அந்த இடைவெளியில்தான் அந்தப் பையன் நுழைந்துவிட்டான். வீட்டில் இதெல்லாம் சொல்வதில்லை. சொன்னால், போக வேண்டாம் என்பாள்.

நாலு வருடப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா? ஒரு போன் செய்யக் கூடாதா? குரூப்பை விட்டே வெளியேறிவிடலாமா?

- செம்பூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

போட்டோவுக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். படகு தள்ளுவதற்கு ஒரு பத்தி. கடலில் நீங்கள் மூச்சு வாங்கிக் கிடந்த ஜனவரி நாள் மட்டும் ஒரே வாக்கியத்தில் ஓடி, "சகஜம்" என்று முடிந்துவிடுகிறது. நான் அந்த வாக்கியத்தைத் தாண்டி வரவில்லை.

இந்தப் படகு ஓட்டும் ஒரு பெண்மணியிடம் விசாரித்தேன். கவிழ்ந்த ஹோபியை, கீழே கிடக்கும் கூட்டின் மேல் இருவரும் நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிமிர்த்துவார்களாம். உடம்பு கனமாக இருந்தால் அங்கே லாபம்தான். ஏறுவதுதான் பாடு. கை ஏற்கெனவே ஓய்ந்திருக்கும், லைஃப் ஜாக்கெட் விளிம்பில் தட்டும், கால் ஊன்றத் தண்ணீருக்குள் ஒன்றும் இருக்காது. வயதில் சின்னவர்களே திணறுவதுண்டாம். கால் வைத்து ஏறக் கயிற்றில் ஒரு வளையம் கட்டித் தொங்கவிடுவார்கள் என்றார். ஒரு கயிற்று வளையத்தில் பாதி தீரும் கஷ்டம் அது. அதைத்தான் நீங்கள் "என் காலம் முடிந்தது" என்று படித்துக்கொண்டீர்கள்.

அடுத்த மூன்று ஞாயிறு நீங்கள் போகவில்லை. முழங்கால் வலி, சரி. கல்யாணம், சரி. ஞாயிற்றுக்கிழமை ஆடிட் வைக்கிற ஆபீஸ் எது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பையன் வந்தது அதற்கு அப்புறம். யாரும் உங்களை இறக்கிவிடவில்லை, நண்பரே. நீங்கள்தான் இறங்கிக்கொண்டீர்கள்.

பயந்துவிட்டீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயம் என்றால் அதை நாம் தனியாகச் சுமக்க வேண்டும். அவமானம் என்றால் பழி போட ஒரு ஆள் கிடைக்கிறார். அதனால் அதைப் பிடித்துக்கொண்டீர்கள், இத்தனை நாள் அந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்றைக்கு உங்கள் ஸ்கிப்பர் பார்த்ததையும் யோசியுங்கள். "அண்ணா" என்று கூப்பிடும் மனிதரைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்க முடியாமல் நின்றிருக்கிறார். அவருக்கும் அன்று இரவு தூக்கம் வந்திருக்காது. பிறகு நீங்கள் வாராவாரம் ஒரு காரணம் சொன்னதும், அண்ணாவுக்கு இனி வேண்டாம் போல என்று எடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால் உங்கள் மானம் போகுமே என்று தயங்கியிருப்பார். கேட்டிருக்க வேண்டும், அது அவர் தப்புதான். ஆனால் அது இரண்டு பேர் படகு. நீங்கள் வராவிட்டால் அவரும் கரையில்தான் நிற்க வேண்டும், ஜூனில் மழை வந்தால் செப்டம்பர் வரை எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டும். படகு தள்ள சௌபாத்தியில் ஆளா இல்லை? அப்படியும் உங்களையே கூப்பிடுகிறார். அதை எடுபிடி வேலை என்று மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கடலில் மூச்சு வாங்கிய விஷயம் உங்கள் மனைவிக்குத் தெரியாது. வெளியேறுவது பற்றி யோசிக்கும் முன் அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். போக வேண்டாம் என்பார். சொல்லட்டும், அது அவர் உரிமை. மறுபடி தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

குரூப்பில் இருங்கள். ஸ்கிப்பருக்கு போன் போடுங்கள். போட்டோ பேச்சை எடுக்காமல், "அன்னிக்கு எனக்கு ரொம்ப பயமாயிடுச்சுப்பா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஏங்குவது ஒருமையில் திட்டு வாங்கத்தானே? டாக்டர் சரி என்றால், கரையோரம் நெஞ்சளவு தண்ணீரில் படகில் ஏறிப் பழக அவரையே துணைக்குக் கூப்பிடுங்கள். வரும் ஞாயிறே போனாலும் நல்லது, அன்றைக்கு ஆடிட் இல்லையென்றால்.